மல்லாந்து நடக்கிற புழு

ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

இங்க நாங்க மூணு பேரும் சுகம். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டா "இருக்கேன்"னு எழுதுவீங்க. அதனால வேற மாதிரி கேக்குறேன். நேத்து என்ன சாப்பிட்டீங்க?

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறீங்க. எடுத்தாலும் பின்னாடி உங்க பொண்ணு வாலுவோட சத்தம் கேட்டதும் "வேலை இருக்கு அக்கா"ன்னு வெச்சுடுறீங்க. கடுதாசிக்குச் சத்தம் இல்லையே, அதையாவது கடைசி வரைக்கும் பார்ப்பீங்கன்னு எழுதுறேன். உங்க சகலை சிரிக்கிறார். "இந்தக் காலத்துல கடுதாசியா? தபால்காரருக்கே வழி மறந்து போயிருக்கும்"ங்கிறார். பஸ் ஓட்டுறவருக்கு எதைப் பேசினாலும் வழிதான்.

விஷயத்துக்கு வரேன். என் தங்கச்சி போய் அஞ்சு மாசம் ஆகப் போகுது. எல்லாம் முடிஞ்ச அன்னிக்கு "கொஞ்ச நாள் நீங்க வெச்சிருங்க அக்கா"ன்னு வாலுவை என் இடுப்புல ஏத்தி விட்டீங்க. நானும் வாங்கிக்கிட்டேன். இப்பவும் அதைக் குறையாச் சொல்லல. ஆனா ஜனவரியில அவளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். இங்கயா, அங்கயா? இங்க சேர்த்தா அவ இந்த வீட்டுப் பொண்ணு ஆயிடுவா. அதை நான் முடிவு பண்ணக் கூடாது. பெத்தவர் நீங்க. டிசம்பருக்குள்ள சொல்லிடுங்க.

எப்ப வரீங்க?

அன்போட,
அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நேற்று ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டேன்.

தோட்டத்தில் ஒரு பிரச்சினை. வீட்டுக்குப் பின்னால், சமையலறை ஜன்னலுக்கு நேரே ஒரு மாதுளைக் கன்று இருக்கிறதல்லவா, போன வருடம் நட்டது. அதன் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அடிமண்ணைக் கிளறிப் பார்த்தேன். வெள்ளைப் புழுக்கள். சுண்டு விரல் பருமன், அரை வட்டமாகச் சுருண்டிருக்கின்றன. தலை பழுப்பு. முன்பக்கம் ஆறு கால்கள். வண்டின் புழு என்பது வரை தெரிகிறது. எந்த வண்டு என்று தெரியவில்லை.

இதில் இரண்டு வகை இருப்பதாகப் படித்தேன். ஒன்று உயிருள்ள வேரைத் தின்னும். மற்றது மக்கிப்போன இலை, கட்டை இவற்றை மட்டும் தின்னும். செடியைத் தொடாது. மண்ணுக்கும் நல்லது. ஆனால் பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வகை என்றால் மண் முழுவதும் மருந்து போட வேண்டும். போட்டால் பல மாதங்களுக்கு மண்ணில் விஷம் நிற்கும். குழந்தை மண்ணில் கை வைப்பாள், அந்தக் கையை வாயில் வைப்பாள். ஆகவே இது எந்த வகை என்று உறுதியாகும் வரை அவள் இங்கே வருவது சரியில்லை. உறுதியானதும் எழுதுகிறேன்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சகலையை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

முழங்காலுக்கு என்ன, மாடிப்படி இருக்கிற வரைக்கும் வலியும் இருக்கும். மத்தபடி எல்லாரும் நல்லா இருக்கோம்.

"அப்பா எழுதியிருக்கார்"னு சொன்னதும் வாலு ஓடி வந்து மடியில உக்காந்துட்டா. வாசிக்க ஆரம்பிச்சப்புறம்தான் பார்க்குறேன், பக்கம் பூரா புழு. அவளுக்கு ரெண்டு வரி. அதுலயும் "குழந்தை"ன்னு, பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. வாலுன்னு எழுதினா உங்க பேனா மை குறைஞ்சிடுமா?

அவளுக்கு அதெல்லாம் குறையாத் தெரியல. "அதுக்குப் பல் இருக்கா பெரியம்மா? எங்க தூங்கும்? அப்பா கட்டில்லயா?" அப்பா கட்டில்ல புழுவுக்கு இடம் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும், நீங்களே பதில் எழுதுங்க. உங்க சகலை வேற, "தூண்டில் என் செலவு, புழு அவர் செலவு, கெளம்பி வரட்டுமான்னு கேளு"ங்கிறார்.

நாள் பூரா கண்ணாடிக் கடையில நின்னு "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா"ன்னு கேக்குறவ நான். கிட்டத்துல இருக்கிற புழுவோட காலெல்லாம் உங்களுக்குத் தெரியுது. ஆறு மணி நேரப் பயணத்துல இருக்கிற பொண்ணு தெரியல. இதுக்கு எங்க கடையில ஒரு பவர் இருக்கு. அனுப்பட்டுமா?

ஒரு புழு யாருன்னு தெரியாததால ஒரு பொண்ணு சொந்த வீட்டுக்கு வர முடியலங்கிறதை இப்பதான் கேள்விப்படுறேன். சரி. சீக்கிரம் கண்டுபிடிங்க.

அக்கா


செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

புழுவுக்குப் பல் இல்லை. தாடை உண்டு. அது மண்ணுக்குள்ளேயே இருப்பதால் இரவு, பகல் தெரியாது. குழந்தையிடம் சொல்லவும்.

இதுவரை செய்தவை. புழுக்களில் சிலவற்றை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டேன். தொழிற்சாலையில் எங்கள் பிரிவில் எதை அளந்தாலும் அது அசையாமல் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஸ்பிரிட்டில் போட்டதும் கறுத்துப் போயின. சாப்பாட்டு இடைவேளையில் அளவறைக்குக் கொண்டுபோய் தலையின் அகலம், காலின் நீளம், பின்பாகத்தின் பருமன் எல்லாம் எடுத்தேன். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, ஆளெடுக்கிறியா? உயரம், அகலம்லாம் எடுக்கிற."

"தோட்டத்துப் புழு சார்."

"வேலைக்கு வரச் சொல்லு. உன்னை விடக் கொஞ்சம் கூடப் பேசும்."

அளவுகள் எந்தப் பக்கமும் தெளிவாக விழவில்லை. தலை சிறியது, அது ஒரு வகைக்குப் பொருந்துகிறது. காலின் நீளம் நடுவில் நிற்கிறது. வாலடியில் உள்ள மயிர்களின் வரிசையை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கறுத்துப் போனதில் அது சரியாகத் தெரியவில்லை.

உரக்கடையில் சீசாவைக் காட்டிக் கேட்டேன். "எதுவா இருந்தா என்ன சார், எல்லாத்துக்கும் இதே மருந்துதான்" என்று குருணை மருந்து ஒரு பொட்டலம் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் போடவில்லை.

மாதுளை இன்னும் மோசமாகிவிட்டது. தண்ணீரில் குறை வைக்கவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு வாளி. ஜூலையிலிருந்து மழை கொட்டிய நாட்களில்கூடக் குடை பிடித்துக்கொண்டு போய் ஊற்றினேன். ஒரு நாளும் தவறவில்லை. எனவே புழுதான் காரணமாக இருக்க வேண்டும்.

படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


செப்டம்பர் 21

தம்பி,

சுகமான்னு கேக்குற மனசு இன்னிக்கு இல்ல.

நேத்து செருப்புக் கடைக்குப் போனோம். வாலுவுக்குக் கால் வளர்ந்துடுச்சு, பழசுல விரல் முட்டுது. ஒரு சிவப்புச் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு என்னை இழுத்து, "அம்மா, இது"ன்னா. வாய் தவறிச் சொல்லல. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னா. கடைக்காரர் உடனே, "பொண்ணுக்கு அப்படியே உங்க மூக்கும்மா"ன்னு ஆரம்பிச்சுட்டார். மூக்கு என்னோடதுதான். என் தங்கச்சிக்கும் அதே மூக்கு, எங்க வீட்டுல எல்லாருக்கும் அதான். நான் வாலுவையும் திருத்தல, கடைக்காரரையும் திருத்தல. செருப்பை வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் கடுதாசியப் பார்த்தா காலோட நீளமாம், தலையோட அகலமாம். இவ கால் எவ்வளவு நீளம் தெரியுமா உனக்கு? இந்த ஆறு மாசத்துல எத்தனை செருப்பு மாத்தினோம் தெரியுமா? நீ வரப் போறியா இல்லையா? வர முடியாதுன்னா அதைச் சொல்லு. புழு மேல பழியைப் போடாதே.

கோவத்துல நீன்னு எழுதிட்டேன். அடிச்சுத் திருத்தல, அப்படியே இருக்கட்டும்.

வாலு ஒரு கேள்வி கேக்கச் சொன்னா. கேக்க வேண்டாம்னுதான் நினைச்சேன், ஆனா வாக்குக் குடுத்துட்டேன். "காலெல்லாம் முன்னாடியே இருந்தா, பின்னாடி எப்படி வரும்? அது எப்படி நடக்கும்?" தரையில படுத்துக்கிட்டு, கையால மட்டும் இழுத்துக்கிட்டு கூடம் பூரா போய்ப் பார்த்தா. "பெரியம்மா, வயிறு எரியுது. புழுவுக்கும் எரியும்"ங்கிறா. என் தரை மட்டும் பளபளன்னு ஆச்சு.

அக்கா


அக்டோபர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். நீ என்று எழுதியது நீ என்றே இருக்கட்டும்.

வாலுவின் கேள்விக்குப் பதில் சொல்ல என்னிடம் உயிருள்ள புழு ஒன்றுகூட இல்லை. எடுத்ததையெல்லாம் நான் ஸ்பிரிட்டில் போட்டிருந்தேன். அது நடக்குமா, எப்படி நடக்கும் என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு காலையில் ஒன்றைத் தோண்டி எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் தாள் விரித்து அதன் மேல் விட்டேன். வெகு நேரம் சுருண்டு கிடந்தது. செத்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தபோது மெல்ல நிமிர்ந்து, அப்படியே மல்லாந்துவிட்டது. கால்கள் ஆறும் மேலே. விழுந்துவிட்டது என்று நினைத்து ஒரு பென்சிலால் திருப்பிப் போட்டேன். மறுபடி மல்லாந்தது. மறுபடி திருப்பினேன். நான் விடவில்லை, அதுவும் விடவில்லை. கடைசியில் சும்மா இருந்து பார்த்தேன். மல்லாந்தபடியே நகர ஆரம்பித்தது. கால்களைப் பயன்படுத்தவே இல்லை. முதுகை அலை அலையாக நெளித்து, நேர்கோட்டில், நல்ல வேகத்தில் போகிறது. மேஜை விளிம்பு வந்ததும் கை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையிலும் அப்படித்தான் போனது. கூசியது.

வாலுவிடம் சொல்லுங்கள், அதற்கு வயிறு எரியாது, அது முதுகால் நடக்கிறது.

இங்கே விவசாயக் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிச் சொல்லித்தரும் பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கே விவரம் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரட்டும்.

அளவு எடுத்து அனுப்புங்கள், அடுத்த செருப்பு நான் வாங்குகிறேன்.

தங்கள் தம்பி


அக்டோபர் 16

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உங்க சகலைக்கு மட்டும் முதுகு பிடிச்சிருக்கு. காரணம் நீங்கதான்.

கடுதாசிய வாசிச்சு முடிக்கல, வாலு தரையில மல்லாந்துட்டா. குதிகாலை ஊன்றாம, முதுகாலயே நெளிஞ்சு நெளிஞ்சு கட்டிலுக்கு அடியில போயிட்டா. "பெரியப்பா, நீங்களும் வாங்க." அவரும் போனார். போனவர் தொப்பை மாட்டி நின்னுட்டார். "யாராவது கட்டிலைத் தூக்குங்கடி"ன்னு அடியில இருந்து சத்தம். நானும் வாலுவும் சிரிச்சு சிரிச்சு, தூக்கத் தெம்பில்ல. அவ இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.

அதுக்கப்புறம் அவளுக்குன்னு தனியா ஒரு சின்னக் கட்டில் வாங்கினோம். ஜன்னல் பக்கமாப் போட்டிருக்கோம். இங்க பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, சும்மா போய்ப் பார்த்துட்டு வந்தேன். டீச்சர்கள் நல்ல மாதிரி. அதனால அவசரம் ஒண்ணும் இல்ல தம்பி. நிதானமா வாங்க. கல்லூரியில இருந்து பதில் வரட்டும்.

இன்னொண்ணு. உங்க பழைய கடுதாசியத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மழையில குடை பிடிச்சுக்கிட்டா செடிக்குத் தண்ணி ஊத்துனீங்க? மழை பேயும்போது ஊத்தக் கூடாது தம்பி. என் தங்கச்சி இருந்திருந்தா வாளியப் பிடுங்கியிருப்பா.

அக்கா


நவம்பர் 12

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கு? பதில் இல்லையே. காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?

போன கடுதாசியில அவசரமில்லன்னு எழுதினேன். தபால்ல போட்டதுல இருந்து அந்த வார்த்தை என்னைக் குத்திக்கிட்டே இருக்கு. நான் அப்படி எழுதுற ஆளா? ஆகஸ்ட்ல டிசம்பருக்குள்ளன்னு கெடு வெச்சவ நான்தானே.

ஒளிக்காம சொல்லிடுறேன். எங்களுக்குப் பிள்ளை இல்ல, உங்களுக்கே தெரியும். கடையில இருந்து வந்தா ஓடி வந்து முழங்காலைக் கட்டிக்கிறா, வலிக்குது, ஆனா விடச் சொல்ல மனசு வரல. நீங்க வரலேன்னா எனக்கு நல்லதுதான். அதான் எனக்குப் பயமா இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் போனா, நீங்க வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேனோன்னு இருக்கு. அப்புறம் என் தங்கச்சி முகத்துல, போட்டோவுலதான், எப்படி முழிப்பேன்?

நான் நல்லவளா இருக்கும்போதே வந்துடுங்க.

அக்கா


நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

கல்லூரியிலிருந்து பதில், நீங்கள் கட்டில் வாங்கியதாக எழுதிய அதே வாரத்தில் வந்துவிட்டது. மல்லாந்து நடந்தால் சந்தேகமே வேண்டாம், அது மக்கியதைத் தின்னும் வகை, செடியைத் தொடாது, மருந்து தேவையில்லை, கையில் எடுத்தாலும் ஒன்றும் செய்யாது என்று எழுதியிருந்தார்கள். உங்களுக்குத் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் நான் கிளம்ப வேண்டியிருக்கும்.

தண்ணீர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த அன்று போய் மாதுளையைப் பிடித்து அசைத்தேன். அசைத்த கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்துக் கூழாகியிருந்தது. நாற்றம். புழுவால் செடி சாகவில்லை அக்கா. அழுகின வேர் கிடைத்ததால் புழு வந்திருக்கிறது. போன வருடக் கோடையில் உங்கள் தங்கை தினமும் ஒரு வாளி ஊற்றினாள். நானும் ஊற்றினேன். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை, எனக்கும் வானத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. மழையில் நனைந்த மண்ணில் நின்றுகொண்டு வாளியைக் கவிழ்த்திருக்கிறேன்.

வாலுவையும் அப்படித்தான் வளர்ப்பேனோ என்று பயம். தினமும் தவறாமல் பார்த்துக்கொள்வேன், பார்த்துக்கொண்டே கெடுத்துவிடுவேன். இந்த ஒரு மாதமும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் போன வாரக் கடிதம் வந்ததும், நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டே ஒரு வரியில் என் தவறைக் கண்டுபிடித்தது ஞாபகம் வந்தது. இனியும் கண்டுபிடிப்பீர்கள் அல்லவா? நான் செய்வதையெல்லாம் எழுதுகிறேன். தவறு என்றால் நீ என்றே எழுதுங்கள்.

மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இங்கே தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் ஜனவரிக்கு இடம் சொல்லியாயிற்று. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வாலுவை அழைத்துப் போக வருகிறேன் என்று அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் மட்டும் இருங்கள்.

தம்பி


டிசம்பர் 14

தம்பிக்கு,

இங்க எல்லாம் எப்பவும் போல. நீங்களும் வாலுவும் நலமா?

பஸ் ஏறும்போது அவ அழாமப் போனதுல சந்தோஷம். உங்க சகலை ரெண்டு நாள் லீவு போட்டார். ஏன்னு கேட்டேன், முதுகுன்னார். சின்னக் கட்டிலைக் கழட்டி மூலையில வெச்சிடலாமான்னு கேட்டார். இருக்கட்டும்னேன். கடையில கூட்டம் அதிகம். ரெண்டு பேருக்குப் பவர் மாத்திக் குடுத்துட்டேன், முதலாளி சத்தம் போட்டார்.

வேற ஒண்ணும் விசேஷம் இல்ல. எழுத இவ்வளவுதான் இருக்கு.

அக்கா


டிசம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். வாலுவுக்கு ஒரு நாள் மூக்கு ஒழுகியது, இப்போது சரியாகிவிட்டது. உங்கள் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததில்லை. இரண்டு மூன்று முறை படித்தேன். இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் பழக்கம்தான், நான் நிறைய எழுதியிருக்கிறேன்.

செய்ததைச் சொல்கிறேன், திருத்துங்கள். தலை பின்னத் தெரியவில்லை, ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. "அப்பா, கண்ணாடியில பார்த்தா தலை சாய்ஞ்சிருக்கு" என்கிறாள். பால் கொதித்ததும் உடனே கொடுத்து நாக்கைச் சுட்டுவிட்டேன். முதல் வாரம் முழுவதும் விருந்தாளியிடம் பேசுவது போல என்னை "நீங்க" என்றாள். நேற்று மண்வெட்டியை என்னிடமிருந்து இழுத்து, "நீ தள்ளு, உனக்குத் தோண்டத் தெரியல" என்றாள். தள்ளிக்கொண்டேன்.

மாதுளை இருந்த குழியில்தான் அவளுக்கு நாள் முழுவதும் வேலை. புழு கிடைத்தால் உள்ளங்கையில் விட்டு மல்லாக்க நடக்க வைத்து, திரும்பவும் மண்ணுக்குள் வைத்து மூடிவிடுகிறாள். நேற்று விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்ப மண்ணு தின்னாளா?"

"தெரியல."

"பெரிய குரல்ல அழுவாளா, சின்னக் குரல்லயா?"

"தெரியலம்மா."

"உனக்கு ஒண்ணுமே தெரியல" என்று குழிக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் சொன்னது சரி. உங்கள் தங்கையை அவளுடைய இருபத்து மூன்று வயதிலிருந்துதான் எனக்குத் தெரியும். அதற்கு முந்தியவளைப் பற்றி நான் கேட்டுவைத்ததில்லை, நிறைய நாள் இருக்கிறது என்று இருந்துவிட்டேன். வாலு கேட்பது தன்னைப் போன்ற நான்கு வயதுக்காரியை. உங்கள் அப்பா, அம்மாவும் போன பிறகு, அந்த நான்கு வயதுக்காரியைப் பார்த்தவர் என்று இப்போது இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். சகலையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தக் கட்டிலையும் கழற்றிப் பஸ்ஸின் மேல் போட்டுக் கொண்டுவாருங்கள், பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் அவள் அங்கே வரும்போது வேறு வாங்கிக்கொள்ளலாம். வந்து இங்கே குழி ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லுங்கள். முதலிலிருந்து, ஒன்றும் விடாமல்.

நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி